மாற்றாமல் விட்ட கப்

தாராவியில் நான் ஃபிட்டராக இருந்த பட்டறையின் முதலாளி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நம்ம ஊர்க்காரர், கைவிடமாட்டார் என்று நம்பிப் போய்ச் சேர்ந்தேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

அறுபதுகளின் நடுவில், கல்யாண் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து எங்களிடம் டிராக்டர்கள் வரும். பெரும்பாலும் முன்சக்கரத்துப் பேரிங் தேய்ந்த கேஸ்தான். சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்க் கிரீஸைக் கெடுத்துவிடும். அந்த டேப்பர் ரோலர் பேரிங் இரண்டு துண்டு. உருளைகள் கோத்த கோன் அச்சில் ஏறும். அது உட்கார்ந்து சுழலும் கப், சக்கரத்தின் குடத்துக்குள் இறுகியிருக்கும். ஒன்று தேய்ந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும். ஆனால் அது வெளிநாட்டுச் சரக்கு. ஜோடியாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. சக்கரத்தைப் பிரித்தவன்தான் அதற்குப் பொறுப்பு; வேலை முடிந்ததும் குடத்தை அடைக்கும் மூடிமேல் அவனுடைய நிறத்தில் ஒரு பெயிண்ட் புள்ளி வைக்க வேண்டும். எனக்கு மஞ்சள். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த கூட்டாளிக்குப் பச்சை. வேலையில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். வாய்தான் அடங்காது.

மழைக்கு முன்னால் வந்த ஒரு டிராக்டரை அவன் பிரித்தான். புதுக் கோன் கைவசம் இருந்தது, கப் இல்லை. பழைய கப்பில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். இதை வைத்து மூடமாட்டேன் என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பழைய இரும்புக் கடைகளில் கப் தேடப் போனான். அவன் தெருவைத் தாண்டியிருக்கமாட்டான், முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“பழைய கப்பே கெடக்கட்டும்டே. கிரீஸ அப்பி மூடு.”

மூடினேன். பச்சைப் புள்ளியும் வைத்தேன். பிரித்தவன் அவன், அதனால் அவன் நிறம். கைப்பழக்கம், வஞ்சகம் இல்லை என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். சாயங்காலம் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கப்போடு அவன் வந்தபோது வண்டி போய்விட்டிருந்தது. என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தான். கப்பைச் செய்தித்தாளோடு பெஞ்சின்மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

பத்தே நாளில் பேரிங் நொறுங்கி, ஓட்டத்தில் சக்கரம் கழன்றது. ஓட்டியவனுக்குக் கால் முறிந்தது. பண்ணைக்காரர் அந்த மூடியைக் கொண்டுவந்து முதலாளியின் மேஜைமேல் போட்டு, இது யார் வேலை என்று கேட்டார். நான் மூடவில்லை என்றான் அவன். அப்படியானால் இது யார் புள்ளி என்றார் முதலாளி. அவன் என் பக்கம் திரும்பினான். வாயில் கொழுக்கட்டையை வைத்ததுபோல நான் நின்றேன். அடுத்த மாதம் தங்கையின் கல்யாணம், இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்ற பயம். அங்கேயே, எல்லோர் முன்னாலும் அவனை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

அறையில் அவன் பெட்டியைக் கட்டும்போது எனக்குத் தாங்கவில்லை. இப்போதே போய் முதலாளியிடம், மூடியது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். அவன் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னான்:

“அவருகிட்ட என்னலே சொல்லப் போற? மூடச் சொன்னதே அவருதான.”

மறுநாள் காலை முதலாளி அவனுடைய இடத்தில் என்னை நிற்கச் சொன்னார். நின்றேன்.