பின்சீட்டில் ஒளிந்த அம்மா

டவுன் சிண்ட்ரோம் உள்ள என் மகள் பெனிட்டாவுக்கு வயது பதினேழு. பஸ்ஸில் தனியாக வீடு திரும்பச் சிறப்புப் பள்ளியில் பழக்கியிருந்தார்கள். முதல் நாள் மனசு கேட்கவில்லை. தாம்பரத்தில் அவளுக்குத் தெரியாமல் நானும் அதே பஸ்ஸில் ஏறி, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

பெருங்களத்தூரில் அவள் சரியாக இறங்கிவிட்டாள். நெரிசலில் என்னால்தான் இறங்க முடியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. குழந்தை தனியாக நிற்கிறாளே என்று கூட்டத்தை இடித்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தேன். வண்டலூரில் இறங்கியதும் போன் அடித்தது.

"அம்மா, பின்னாடிதானே ஒளிஞ்சிருந்த? ஏன் எறங்கல? பயப்படாத. அங்கயே நில்லு. யார் கூப்பிட்டாலும் போகாத. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அத்தனையும் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவை!

இப்போதெல்லாம் வாசலிலேயே நின்று டாட்டா காட்டிவிடுகிறேன். எனக்கு வழி தெரியாத இடமென்றால் மட்டும் அவளைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.