பின்பக்கம் உட்காரும் கார்

அந்த வீட்டு டிரைவருக்கு வேலை நேரம் காலை ஏழு மணி. எட்டு மாதமாக அவர் ஐந்தரைக்கே போய்விடுகிறார். யாரும் வரச் சொல்லவில்லை. காருக்காகப் போகிறார்.

பழைய கார், பெரிய உடம்பு. பின்சக்கரங்களுக்கு மேலே ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் பை இருக்கும். மெக்கானிக்குகள் அதை ஏர் பெல்லோ என்பார்கள். டிக்கியில் பாரம் ஏறினால் ஒரு சின்ன கம்ப்ரசர் காற்றடித்துப் பின்பக்கத்தைத் தூக்கும். பாரம் இறங்கினால் காற்றை விட்டு இறக்கும். எப்போதும் மட்டமாக நிற்கும் வண்டி. புதுசில் அதைப் பார்க்கவே தெருவில் நாலு பேர் கூடினார்கள். இப்போது சாயங்காலம் நிறுத்தினால் விடிவதற்குள் பின்பக்கம் சப்பென்று உட்கார்ந்துவிடும், சேற்றில் படுத்த எருமை மாதிரி. டிரைவர் போய் ஸ்டார்ட் செய்து வைப்பார். கம்ப்ரசர் இருபது நிமிஷம் முக்கி முனகும். ஏழு மணிக்கு முதலாளி ஐயா வெளியே வரும்போது வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்து நிற்கும்.

வீட்டில் டிரைவரின் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. "எனக்கு இடுப்பு புடிச்சுக்கிட்டப்ப ஒரு தைலம் வாங்கியார மூணு நாள் ஆச்சு. அந்த வண்டிக்கு இடுப்பு வலின்னா மட்டும் விடியறதுக்குள்ள ஓட்டம்."

"அது படுத்தா நானும் படுக்கணும்டி" என்றார் டிரைவர். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் விஷயம் அதுதான்.

ஐயாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. குனிந்து தாழ உட்கார முடியாது, காலைத் தூக்கி உயர ஏறவும் முடியாது. அவர் மகனுடைய புது வண்டி மாடிப்படி உயரம். இந்தக் காரின் பின்சீட் மட்டும், நிமிர்ந்து நிற்கும்போது, ஐயாவின் இடுப்புக்குச் சரியாக வரும். முதுகைக் காட்டி உட்காருவார். டிரைவர் இரண்டு காலையும் எடுத்து உள்ளே வைப்பார். இருபத்திரண்டு வருஷ வேலையில் கடைசி ஆறு வருஷம் இப்படித்தான். கார் இருக்கும்வரை ஐயா வெளியே போவார். ஐயா வெளியே போகும்வரை டிரைவருக்கு வேலை.

"இன்னொரு தடவை மக்கர் பண்ணுச்சுன்னா குடுத்துடலாம்ணே" என்று மகன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். டிரைவரை என்ன செய்வான் என்று சொல்லவில்லை. ஐம்பத்தேழு வயசில், சோடாபுட்டிக் கண்ணாடியோடு இருக்கிற ஆளுக்கு அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

மனைவியின் தம்பி மெக்கானிக். அவனிடம் இரண்டு முறை கொண்டுபோய்க் காட்டினார். அவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, குழாய்க்குக் குழாய் சோப்புத் தண்ணீர் தடவினான். நுரை வரவில்லை. வால்வைக் கழற்றிப் பார்த்தான். வண்டியின் உயரத்தைப் பார்த்துச் சொல்கிற சென்சாரை ஆட்டிப் பார்த்தான். எல்லாம் சரி.

"அப்ப காத்து எங்கதான் மாப்ளே போகுது?"

"பெல்லோ மடிப்புல முடி மாதிரி கீறல் மாமா. காத்து நெறஞ்சு நிக்கும்போது மூடிக்கும், கண்ணுல படாது. கொஞ்சம் இறங்குனா வாயத் தொறக்கும்."

"மாத்திடு."

"கம்பெனிக்காரன் இதைச் செய்யறதையே நிறுத்திட்டான். ஒடைச்ச வண்டியில எடுத்தாலும் அதுவும் இதே கிழம். மெல்ல ஓட்டுங்க. கம்ப்ரசர் தெனம் இப்படி முக்குனா அதுவும் புகைஞ்சுரும்."

மெல்லத்தான் ஓட்டினார். அதற்குள் ஐயாவுக்குக் கண் டாக்டரிடம் நாள் குறித்தார்கள், காலை ஆறரைக்கு. மகன், "நானும் வரேன். அஞ்சு மணிக்கே கீழ வந்துடுவேன்" என்றான். அதற்கும் முன்னால் ஸ்டார்ட் செய்தால் ஊர் உறங்கும் நேரத்தில் கம்ப்ரசர் முக்குவது மாடிவரை கேட்கும். இனி முன்கூட்டிப் போய்க் காற்றேற்ற வழியில்லை.

முந்தின நாள் சாயங்காலம் டிரைவர் ஒரு யோசனை செய்தார். வண்டி நிமிர்ந்து நிற்கும்போதே ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தை இன்னும் இரண்டு விரல் தூக்கி, அடியில் இருபுறமும் மரக்கட்டை கொடுத்தார். இனி எப்படி உட்காரும், பார்த்துவிடலாம். கைதட்டி மண்ணை உதறும்போது உள்ளே 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். வண்டி கட்டைமேல் சாய்ந்து அசதி தீர்க்கிறது என்று நினைத்துக்கொண்டார். அன்று வீட்டில் நன்றாகச் சாப்பிட்டார்.

காலை நாலே முக்காலுக்கு மறுபடி ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டையை உருவிவிட்டு ஜாக்கியை இறக்கினார். வண்டி இறங்கியது. நிற்கும் என்று பார்த்தார். நிற்கவில்லை. மட்கார்டு டயரைப் பாதி விழுங்கும்வரை இறங்கியது. இவ்வளவு கீழே அது ஒருநாளும் போனதில்லை. ஓடிப்போய் ஸ்டார்ட் செய்தார். கம்ப்ரசர் முக்கியது. பின்பக்கம் நாலு விரல் எழுந்தது. பிறகு ஈரச் செருப்பைத் தரையில் அடித்ததுபோல் ஒரு சத்தம். கருகின நாற்றம். கம்ப்ரசர் நின்றது.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"கட்டையா குடுத்தீங்க?" அவன் குரலில் தூக்கம் பறந்துவிட்டது. "மாமா, நீங்க தூக்குனதும் அந்தச் சென்சார் என்ன நெனைக்கும்? பாரமே இல்ல, வண்டி மேல போயிருச்சுன்னு நெனைக்கும். இருந்த காத்தையும் தொறந்து விட்டுருக்கும். வெறும் பை மேல வண்டியை எறக்கிருக்கீங்க. மடிப்பு சிக்கிக் கிழிஞ்சிருக்கும்."

"இப்ப என்ன பண்ண?"

"இப்பவா? என்னைய வையாதீங்க. பண்ண ஒண்ணுமில்ல மாமா."

போனை வைத்துத் திரும்பினால் ஐயா தடியோடு நிற்கிறார். குளித்து, தலைசீவி, டாக்டர் சீட்டு சட்டைப்பையில். கதவு திறந்துதான் இருந்தது. பழக்கத்தில் முதுகைக் காட்டிவிட்டார்.

"ஐயா, இருங்க ஐயா—"

அதற்குள் உட்கார்ந்துவிட்டார். சீட் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஒரு சாண் கீழே போய் விழுந்தார். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

"என்னப்பா, கிணத்துக்குள்ள எறக்கிட்ட?" என்றார் வலியோடு.

டிரைவர் கையைக் கொடுத்து இழுத்தார். வரவில்லை. அக்குளில் கைவிட்டுத் தூக்கினார். டிரைவரின் கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது. "விடுப்பா, வலிக்குது" என்றார் ஐயா. டிரைவர் விட்டுவிட்டு, பிடித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவில் வைத்துக்கொண்டார்.

மகன் வந்து பார்த்தான். ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் டிரைவருமாக ஐயாவை வெளியே எடுத்து நாற்காலியில் வைத்தார்கள். ஆள் இறங்கியும் வண்டி இம்மியும் எழவில்லை. மகன் டாக்டருக்குப் போன் செய்து வேறு நாள் கேட்டான். அடுத்த போன், வண்டியை ஏற்றிப்போகிற லாரிக்கு.

"எத்தனை நாளாண்ணே இப்படி?"

"எட்டு மாசம் தம்பி."

"சொல்லிருக்கலாமே."

"சொல்லிருக்கலாம்" என்றார் டிரைவர்.

லாரி மறுநாள் வருகிறது என்றான். ஸ்டீரிங் பிடித்து ஏற்றிவிட ஆள் வேண்டும், ஒன்பது மணிக்கு வந்தால் போதும் என்றான்.

"அதுக்கு மறுநாள் எத்தனை மணிக்குத் தம்பி வரணும்?"

மகன் கீழே கிடந்த கண்ணாடியை எடுத்து, துடைத்து, அவர் கையில் கொடுத்தான்.

"சொல்றேண்ணே" என்றான்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவருக்கு மணி சொல்லாமல் விட்டதில்லை. ஜாக்கியைத் துடைத்து டிக்கியில் வைக்கப் போனார். வண்டி தாழ்ந்து கிடந்ததில் அதற்கும் முழுசாகக் குனியவேண்டியிருந்தது.