இரண்டு கரண்டிகளுக்கு நடுவே

மலேசியாவில், ஈப்போ நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பாலிமர் உருண்டைகள் செய்வது என் வேலை. கசகசாவைவிடச் சிறியவை. உள்ளே பூட்டிவைத்த மருந்தை, வயிற்றுக்குள் போனபின் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட வேண்டும். இதற்கா இத்தனை வருடம் படித்தாய் என்பார்கள் உறவினர்கள். இதற்குத்தான்.

சேர்ந்த புதிதில், சில உருண்டைகளை வேண்டுமென்றே நசுக்கித் திரவத்தில் போட்டுப் பார்த்தோம். ஒரு நாளைக்கான மருந்து மொத்தமும் சில நிமிடங்களில் வெளியே வந்துவிட்டது. மற்றவர்கள் அடுத்த சோதனைக்குப் போனார்கள். நான் அந்தத் திரவத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாவுக்கு மூச்சிழுப்பு. தேயிலைக்காட்டில் பூச்சிமருந்து அடிக்கும் வேலை. கடைசியாகக் கிளினிக்கில் மாற்றிக்கொடுத்த கேப்சூலுக்குள்ளும் இதே மாதிரி உருண்டைகள்தான். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் நோயாளியை மாத்திரை விழுங்கவைக்க மாட்டார்கள். இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, சீனி போட்டுத் தேநீரில் கலக்கிக் கொடுப்பதுதான் அக்கறை. அம்மா அதில் ஒரு படி மேல். கேப்சூலைப் பிரித்துக் கொட்டி, மாவாகவே ஆக்கிவிட்டாள். அதைக் குடித்த அன்று காலையே நெஞ்சு படபடக்கிறது என்ற அப்பா, வலிப்பு வந்து, கார் வருவதற்குள் போய்விட்டார். இழுப்பில் போனதாகத்தான் எல்லாரும் நம்பினோம்.

சோதனைக்குப் பிறகு அந்தக் கரண்டிச் சத்தம் என்னை விடவில்லை. பக்கத்து மேசையில் யாராவது தேநீர் கலக்கினால்கூட எழுந்து வெளியே போய்விடுவேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவே கூடாது என்று இருந்தேன்.

போன மாதம் ஊருக்குப் போனேன். மலைப்பாதையில் கியா பார்ம் சந்தை நெரிசலில் ஊர்ந்து, வீடு சேர மத்தியானமாகிவிட்டது. சமையலறையில் அதே சத்தம். அம்மாவுக்கும் இப்போது இழுப்பாம், அதே மாதிரி கேப்சூலாம். ஓடிப்போய்க் கரண்டியைப் பிடுங்கினேன்.

"அரைச்சா சீக்கிரம் கேக்கும்லா," என்று சிரித்தாள்.

நசுக்கினால் நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கும், நெஞ்சு தாங்காது, வலிப்பு வரும் என்று படபடவென்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் அவளைச் சாகவிடவா முடியும்?

அம்மா அடுப்பை அணைத்தாள்.

"அப்பாவுக்குக் குடுத்ததும் இதானா?"

"அது வேற மருந்துமா."

எனக்குப் பொய் வராது. அது அவளுக்குத் தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு கேப்சூலை எடுத்து முழுசாக விழுங்கினாள். தொண்டையில் சிக்கி இருமினாள். தண்ணீர் கொடுத்தேன்.

"நெஞ்சு படபடங்குதுன்னாரு," என்றாள். "மருந்து பத்தலைன்னு, மறுநாளுக்கு உள்ளதையும் அரைச்சுக் குடுத்தேன்."