சின்னநாவல்குப்பத்துக் கிணற்றுக்குச் சான்று

நிர்மலாவுக்கு அடியோடு பிடிக்காத சொல் ஒன்று உண்டு. 'தொன்றுதொட்டு.' வரலாற்றுத் தேர்வுத் தாளில் எந்தப் பெண் அதை எழுதினாலும் சிவப்பு மையால் சுழித்து, 'எந்த வருஷத்திலிருந்து?' என்று பக்கத்தில் எழுதிவிடுவாள். திருத்தணியில் அவள் வேலை பார்த்த தனியார் பெண்கள் பள்ளியில் அவளுக்கு 'எந்த வருஷம் மிஸ்' என்றே பட்டப்பெயர். வேலை நிரந்தரமில்லை. தாளாளர் மனம் வைத்து ஜூன் மாதம் கையெழுத்துப் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த வேலையில் மகளை உட்கார வைக்க அவள் அம்மா சந்திரா இருபது வருடம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டிருக்கிறாள்.

2008-இல் நிர்மலாவுக்கு ஓர் ஆத்திரம் வந்தது. பாடப்புத்தகத்தில் டெல்லி இருக்கிறது, பாரிஸ் இருக்கிறது, இந்தப் பெண்கள் தினமும் பஸ் ஏறி வருகிற ஊர் ஒன்றுகூட இல்லை. இணையத்தில் தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். பதினோராம் வகுப்புப் பெண்களை ஆளுக்கோர் ஊர் எழுதச் சொன்னாள். சனிக்கிழமைகளில் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில், ஒரு கணினிக்கு நான்கு பேராக நெருக்கியடித்து, ஒரு மின்வெட்டுக்கும் அடுத்த மின்வெட்டுக்கும் நடுவில் எழுதினார்கள்.

விதி இரண்டுதான். எதை எழுதினாலும் எழுத்தில் உள்ள சான்று காட்ட வேண்டும். அடுத்தவர் எழுதியதை அழித்தால் காரணம் சொல்ல வேண்டும். மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவரின் மகள் ஸ்வர்ணா, கோயில் பொங்கலைப் பற்றி எழுதும்போது பழக்கதோஷத்தில் 'தொன்றுதொட்டு' என்று போட்டுவிட்டாள். பக்கத்திலிருந்த மூன்று பேரும் ஒரே குரலில், "எந்த வருஷத்துலேர்ந்து?" என்று கத்த, கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

காஞ்சனா எழுதியது சின்னநாவல்குப்பம். நிர்மலாவுக்கும் அதுதான் ஊர். ஆனால் காஞ்சனா ஊர்த்தெரு, நிர்மலா காலனி. நடுவில் ஓர் ஏரிக்கரை. 'இவ்வூர் மக்கள் அனைவரும் தொன்றுதொட்டு ஒரே பொதுக்கிணற்றில் நீர் எடுத்து ஒற்றுமையாக வாழ்ந்து வருகின்றனர்' என்று அந்தப் பெண் அழகாக எழுதி வைத்திருந்தாள். இந்த முறை 'எந்த வருஷத்திலிருந்து?' என்று நிர்மலா கேட்கவில்லை.

ஏனென்றால் எந்த வருஷம் என்று அவளுக்குத் தெரியும். 1990, சித்திரை வெயில். காலனி அடிபம்பு வெறும் காற்றை இறைத்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த சந்திரா, பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நேராக ஊர்க்கிணற்றுக்குப் போய்க் கயிற்றை விட்டாள். பன்னிரண்டு வயது நிர்மலா இரண்டாவது குடத்தோடு பின்னால் நின்றாள். முதல் குடம் மேலே வந்ததுமே கூட்டம், பிறகு போலீஸ் ஜீப். அம்மா திரும்பி வந்த நாளிலிருந்து அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. 'ஸ்டேஷனுக்குப் போனவ' என்று ஊர் சொன்ன பேச்சு போதாதா?

ஒரு பொத்தானை அழுத்தினால் காஞ்சனாவின் வரி போய்விடும். நிர்மலா அழுத்தவில்லை. பெண்களுக்கு வைத்த விதி தனக்கும்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த வரியின் வாலில் இரண்டே சொல் ஒட்டினாள். 'சான்று தேவை.'

காஞ்சனா பிடிவாதக்காரி. வீட்டுக்குப் போய்த் தாத்தாவைப் பிடித்தாள். தாத்தா கண்ணையன் அந்தக் காலத்து ஊராட்சித் தலைவர். தன் பெயர் வந்த பத்திரிகைத் துண்டுகளையெல்லாம் ஒட்டி, தேதி போட்டு, கோப்பாக வைத்திருந்தார். மாலை போட்டது, குழாய் திறந்தது, கொடி ஏற்றியது. பேத்தி கிணற்றைப் பற்றிக் கேட்டதும் மனுஷனுக்கு ஒரே குஷி.

"கிணத்தப் பத்தியா? பேப்பர்லயே வந்துகீது பாரு. என் பேரும் கீது. உட்டுடாம போடு."

துண்டுச் செய்தி நான்கே வரி. 'பொதுக்கிணற்றில் அத்துமீறல். காலனிப் பெண் சந்திரா கைது. ஒரு நாள் காவலுக்குப் பின் விடுதலை. ஊராட்சித் தலைவர் கண்ணையன் புகாரின் பேரில் நடவடிக்கை.'

அடுத்த சனிக்கிழமை காஞ்சனா முகம் வெளுத்துப்போய் வந்தாள். "மிஸ், இந்தச் சந்திரா..."

"எங்கம்மாதான்."

"அப்ப நான் எழுதுனது பொய்யா மிஸ்?"

"நான் சொல்லக் கூடாது. சான்று இன்னா சொல்லுது, அத பாரு."

காஞ்சனா தன் வரியைத் தானே அழித்தாள். காரணம் என்ற கட்டத்தில் 'தவறு' என்று போட்டாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள்: 'காலனி மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுக்கிணற்றில் 1990-இல் விவசாயக் கூலியான சந்திரா நீர் எடுத்தார். ஊராட்சித் தலைவர் கண்ணையன் புகார் அளித்ததால் கைதாகி ஒரு நாள் காவலில் இருந்தார்.' கீழே பத்திரிகையின் பெயர், தேதி. நிர்மலா விசைப்பலகையைத் தொடவே இல்லை. ஸ்வர்ணாதான் நிமிர்ந்து பார்த்து, "மிஸ், அழுதுகினு கீறீங்க" என்றாள்.

கண்ணையன் இரண்டு வாரம் தலைகால் தெரியாமல் இருந்தார். உலகம் பூராவும் தன் பெயர் போய்விட்டதாக டீக்கடையில் பீற்றிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் சென்னையில் வக்கீலாக இருக்கும் மருமகனிடமிருந்து போன் வந்தது. "மாமா, இது பெருமையா? ஜனங்களத் தண்ணி எடுக்க வுடாதது சட்டப்படி குத்தம். நான்தான் பண்ணேன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி கீது!"

மறுநாளே தாளாளர் நிர்மலாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய மேஜைக்கு எதிரே கண்ணையனின் மகன் உட்கார்ந்திருந்தான்.

"நிர்மலா, அந்த வரியை இன்னிக்கே எடுத்துடும்மா."

"நான் எழுதல சார். தப்புன்னு சான்று காட்டினா எடுத்துடலாம்."

"சான்று கீன்றுன்னு பேசாத. எடுன்னா எடு."

"யார் வேணும்னாலும் அழிக்கலாம் சார். பெரியவரே வந்து அழிக்கட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா யாரு அழிச்சாங்க, என்ன அழிச்சாங்க, எத்தன மணிக்குன்னு பக்க வரலாற்றுல அப்படியே நிக்கும். அதையும் அவர்கிட்டச் சொல்லிடுங்க."

தாளாளருக்குக் காது வரை சிவந்தது. "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவளுக்குத் தாளாளரை நினைத்துப் பயமில்லை. அம்மாவை நினைத்துத்தான் பயம். பட்ட பாடெல்லாம் இந்த வேலைக்குத்தானே? கேட்டால், போனால் போகிறது எடுத்துவிடு என்று சொல்லிவிடுவாளோ?

வீட்டு வாசலில் கண்ணையன் நின்றுகொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து காலனிக்குள் கால் வைக்காத மனுஷன், கொளுத்துகிற வெயிலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். சந்திரா முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத பாரு சந்திரா. அந்த வரிய எடுக்கச் சொல்லு, நாளைக்கே உன் பொண்ணு வேலைக்குப் போலாம். நான் ஒரு வார்த்த சொன்னா போதும். எனக்காகச் சொல்லல. நீ ஜெயிலுக்குப் போனவன்னு உலகம் பூரா படிச்சிகினு இருந்தா உனக்குத்தான அசிங்கம்?"

சந்திரா மகளைப் பார்த்தாள். "வேலை போச்சா?"

"ஆங், போச்சும்மா."

"அதுல இன்னா எழுதிகீது? படி."

நிர்மலா மனப்பாடமாகச் சொன்னாள். 'ஒரு நாள் காவலில் இருந்தார்' என்று முடித்தபோது சந்திரா முறத்தை ஓங்கிக் கீழே வைத்தாள்.

"ஒரு நாளா? யார் சொன்னது ஒரு நாளுன்னு? மூணு நாளு இருந்தேன்டீ. மூணு நாளும் பச்சத் தண்ணி குடுக்கல. அத மாத்து."

பதினெட்டு வருஷம் கழித்து இப்போதுதான் அம்மா வாய் திறக்கிறாள். "எனக்கும் தெரியும்மா. ஆனா மாத்த முடியாது. பேப்பர்ல ஒரு நாளுன்னுதான் கீது. மூணு நாளுன்னா எழுத்துல சான்று வேணும்."

"சான்றுதான?" சந்திரா கண்ணையன் பக்கம் திரும்பினாள். "தோ, வூடு தேடி வந்து நிக்கிறாரு. தினம் ஸ்டேஷனுக்கு வந்து, இன்னும் ஒரு நாளு வெச்சிருங்கன்னு சொல்லிட்டுப் போனவரு இவருதான். நிர்மலா, தலைவருக்கு ஒரு பேப்பரும் பேனாவும் குடு."