மூன்றாம் நிலையத்து மடவை

எங்கள் ஊரில் பெண்கள் படகில் ஏறக்கூடாது. கரையில் மீனைப் பிரிக்கலாம், கூடை சுமக்கலாம், கடலூர் மார்க்கெட்டில் நின்று எந்த வியாபாரியையும் வாயடைக்க வைக்கலாம். படகில் மட்டும் கால் வைக்கக்கூடாது. வைத்தால் வலையில் மீன் படாது என்பார்கள். கடல் உயிரியல் படிக்க வந்த மீனவர் வீட்டுப் பெண் படகு ஏறியதே இல்லை என்று சொன்னபோது சிதம்பரத்தில் என்னோடு படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்து ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தேன். கடலூருக்குத் தெற்கே, ஆறு கடலில் கலக்கும் இடத்தில் எங்கள் ஊர். ஆற்று மீனைக் குழம்பு வைத்தால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம் எந்தக் காகிதத்திலும் இல்லை. அதைக் காகிதத்தில் ஏற்றத்தான் நான் போனேன். மீனில் என்ன விஷம், எவ்வளவு என்று அளந்து எழுதிவிட்டால், ஆலைகள் ஆற்றில் கழிவுநீர் விடுவதை நிறுத்தச் சொல்லி கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்று பஞ்சாயத்தார் சொன்னார்கள். கல்யாண வயசு தாண்டிய பெண்ணை ஊர் வாயை மூடிக்கொண்டு படிக்க விட்டது அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

அப்பா இல்லாததால் எனக்கு மீன் பிடித்துக் கொடுத்தவர் சித்தப்பா. மாதம் ஒருமுறை ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறி ஊருக்குப் போவேன். "ஆத்து மடவை மூணு கிலோ வேணும் சித்தப்பா, ஆராய்ச்சிக்கு" என்பேன். மறுநாள் காலையில் மடவை மீன்களைப் பெட்டியில் அடுக்கி, ஐஸ் போட்டு, மூடியைத் தானே கயிறு கட்டித் தருவார். எங்கள் பேராசிரியருக்கு எங்கள் ஊர் இறால் என்றால் உயிர். "ஊருக்குத்தான போற, அப்படியே கொஞ்சம் வாங்கிட்டு வாம்மா" என்பார். ஆகவே அதே பெட்டியில் சார் வீட்டுக்கு ஒரு பை, ஆராய்ச்சிக்கு ஒரு பை. கண்டக்டர் பெட்டியைப் பார்த்து மூக்கைப் பொத்துவார். நான் கடைசி சீட்டில் அதைக் காலால் அணைத்துக்கொண்டு சிதம்பரம் வரை உட்கார்ந்திருப்பேன்.

ஒரு வருஷத்து மீனை அறுத்து, உலர்த்தி, பொடித்து, அமிலத்தில் கரைத்து அளந்தேன். பயப்படும்படி ஒன்றும் வரவில்லை. கருவியில் கோளாறா என்று இன்னொரு முறை அளந்தேன். அப்போதும் அதேதான்.

"வந்தது வந்ததுதான், எழுது" என்றார் சார்.

எழுதினேன். கட்டுரையில் எங்கள் ஊருக்குப் பெயர் கிடையாது. மீன் எடுத்த இடங்களுக்கெல்லாம் எண்தான், எங்கள் ஊரை 'நிலையம் 3' என்று போட்டோம். வெளிநாட்டு இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் தாளை வாசிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன், அவ்வளவு சந்தோஷம். கட்டுரை வெளிவந்ததும் பிரவுசிங் சென்டருக்கு ஓடிப்போய்த் திறந்தால், முப்பது டாலர் கட்டினால்தான் படிக்க முடியும் என்றது திரை. எங்கள் நூலகம் அந்த இதழை வாங்குவதில்லை. கட்டுரை எழுதியவர்களுக்கான இலவசப் பிரதி சாருடைய மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. "அனுப்பறேன், அனுப்பறேன்" என்றாரே தவிர அனுப்பவில்லை.

ஊரில் போய், "பேப்பர் வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நம்மூர்ப் பெண் நம்மூர் மீனைப் பற்றி எழுதினால் வேறென்ன எழுதியிருப்பாள்? கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில், காசுக்குப் பின்னால் பூட்டிக் கிடப்பதை இங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்து மென்று விழுங்கினேன். அந்தக் கோழைத்தனத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் மனு போயிற்று. ஆதாரம் என்று என் கட்டுரையின் பெயரையே மனுவில் எழுதியிருந்தார்கள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள், என்னையும் வரச்சொன்னார்கள். எதிரே ஆலைகளின் சார்பில் வந்தவர் கையில் என் கட்டுரை கலர் பிரிண்ட்டில் இருந்தது. அச்சில் அதன் முழு உருவத்தை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான்.

"உங்க மனுவுலயே சொல்லியிருக்கீங்களே, அதையே படிக்கிறேன்" என்று ஆரம்பித்து, ஆங்கிலத்தில் நாலு வரி வாசித்து, தமிழிலும் சொன்னார். நிலையம் 3-இன் மீன்கள் உண்ணத் தகுந்தவை. அதிகாரி என்னைப் பார்த்து, "இது நீங்க எழுதினதாம்மா?" என்றார். "ஆமா சார்" என்றேன். கூட்டம் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

வெளியே வந்ததும் சித்தப்பா என்னைத் தனியாக அழைத்துப் போனார். அவருக்குக் கோபம் என்றுதான் நினைத்தேன். கோபம் இல்லை, குழப்பம்.

"ஏம்மா, ஆத்து மீனு நல்லாருக்குன்னா எழுதுன?"

"நீ குடுத்த மீனுதான சித்தப்பா அளந்தேன்."

"நான் குடுத்ததா? அது பிச்சாவரத்தாண்ட உங்க சித்தி தம்பி புடிச்சதும்மா. முந்தின நாளே போயி வாங்கியாருவேன்."

"ஆத்து மீனுன்னு சொன்னனே!"

"சொன்ன. அந்த நாத்தத்தயா நம்ம வூட்டுப் பொண்ணுக்குக் கட்டிக் குடுப்பாங்க? உங்க சாரு தின்னுட்டு என்னா நெனப்பாரு? நல்ல மீனா குடுத்தா உனுக்குச் சீக்கிரம் பட்டம் குடுப்பாருன்னு பாத்தேன்."

இதற்கு முன் எங்கள் ஊருக்கு ஆய்வுக்கு என்று மீன் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் அதை வீட்டுக்குக் கொண்டு போய்க் குழம்பு வைத்ததைத்தான் அவர் பார்த்திருக்கிறார். நானும் அதே பெட்டியில் இறால் கொண்டு போனவள். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அழுகை வந்தது, அங்கேயே அழுதேன். அந்தக் கட்டுரை தமிழில் ஒரு தாளாக ஊர்க் கடையில் கிடந்திருந்தால், சித்தப்பா முதல் வரியிலேயே, "இது நம்ம மீனு இல்லம்மா" என்று சொல்லியிருப்பார். உலகத்தில் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். கட்டுரை அவருக்கு மட்டும் எட்டவே இல்லை.

திங்கட்கிழமை சாரிடம் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், மீனை மறுபடி எடுக்க வேண்டும் என்றேன்.

"எடுத்துட்டா உன் தீசிஸ்ல என்னம்மா மிஞ்சும்? என் பேரும் இருக்குல்ல அதுல?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

நானே இதழுக்கு எழுதினேன். கட்டுரைக்குப் பொறுப்பாளராகப் பெயர் கொடுத்தவர் கேட்டால்தான் பரிசீலிக்க முடியும் என்று பதில் வந்தது. அந்தப் பொறுப்பாளர் சார்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இரண்டாம் முறை எழுதினேன், பதில் இல்லை. மூன்றாம் முறை நான் எழுதவில்லை. சார் கையெழுத்துப் போடாமல் தீசிஸ் நகராது. வயசு முப்பதாகிவிட்டது, எனக்கும் பட்டம் வேண்டியிருந்தது. இதை அழகுபடுத்திச் சொல்ல வழி இல்லை.

வாய்மொழித் தேர்வை எல்லோரும் வந்து பார்க்கலாம். சமோசாவும் காப்பியும் மாணவர் செலவு. சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டு, முதல் வரிசையில் சார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நிதானமானவர், எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்திருந்தார். நிலையம் 3-இல் மட்டும் அளவு இவ்வளவு குறைவாக இருக்கிறதே, அந்த மீன்கள் அங்கேயே பிடிக்கப்பட்டவை என்று உங்களுக்கு எப்படி உறுதியாகத் தெரியும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர். சார் மேசையைப் பார்த்தார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன்.

"நானே படகில் போய்ச் சேகரித்தேன், ஐயா" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

தேர்வாளர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். நான் ஏதோ பெரிதாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, முதலில் கை தட்டியவர் சித்தப்பாதான்.