பிளாக் 21-இல் நின்றுபோன பாதை

நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் மாறும்போதெல்லாம் எங்கள் வீட்டுக் கணினியிலும் ஒரு புது ஃபோல்டர் முளைக்கும். போன வீட்டுக்கு ‘பிளாக் 9’, இந்த வீட்டுக்கு ‘பிளாக் 21’. ரேஷன் அட்டை நகலிலிருந்து பிறந்தநாள் படம் வரை எல்லாம் அதற்குள்தான். குழந்தை பிறந்து எட்டு வருடம் வேலைக்குப் போகாமல் இருந்த நான், சென்னைக் கம்பெனி ஒன்று வைத்த தேர்வுக்காக எழுதிய கணினி நிரலையும் அதிலேயே போட்டிருந்தேன்.

அன்று மூன்று மணிக்கு வீடியோ அழைப்பு. நிரலை அவர்கள் கண்முன்னே ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் வீட்டிலிருந்தே வேலை. ஓடாவிட்டால் மறுபடி எட்டு வருடம்தான் என்று பயந்தேன்.

பதினொரு மணிக்கு நிரல் எழுதும் எடிட்டரில், அதை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் பில்டு கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். ‘D:\பிளாக்’ என்று ஒரு கட்டளையே கிடையாது என்றது. அட, 21 எங்கே போயிற்று? எரிச்சல் வரவேண்டிய நேரத்தில் எனக்கு ஆவல் வந்து தொலைத்தது. நிரல் ஃபைல்களை எல்லாம் ‘சோதனை’ என்ற ஒற்றைச் சொல் ஃபோல்டருக்கு நகலெடுத்தேன். சமர்த்தாக ஓடியது. நடுவிலிருந்த இடைவெளிதான் வேலையைக் காட்டியிருக்கிறது.

மைன்ஸில் செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “அதான் ஓடுதே. இன்னும் இன்னாத்த பாத்துகினு இருக்க?”

“ஏன் நின்னுச்சுன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காதுங்க.”

“அப்ப பட்டினி கெட” என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

பில்டு கட்டளை எழுதியிருந்த ஃபைலைத் திறந்தேன். எந்த ஃபோல்டரில் இருந்தாலும் அதன் பாதையை, அதாவது முழு முகவரியை, எடிட்டரே நிரப்பிக்கொள்ளும்படிதான் எழுதியிருந்தேன். ஆனால் முதல் இடைவெளி வந்ததும் கட்டளை முடிந்துவிட்டதாக, அதை வாங்கி ஓட்டும் டெர்மினல் நினைத்துக்கொள்கிறது. பாதை முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் அடைத்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, அந்த வரியே ஏற்கெனவே மேற்கோளுக்குள் இருந்ததால் எடிட்டர் சிவப்புக் கோடு போட்டது. வரி இங்கே முடியவில்லை என்று எடிட்டருக்குப் புரிய, உள்ளே இருந்த மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு சேர்த்தேன். பிளாக் 21-இலேயே ஓடியது. ஆறிப்போன சாம்பார் சாதத்தை ஆசையாகச் சாப்பிட்டேன்.

மூன்று மணி அழைப்பில் வந்த கம்பெனி அம்மாள் நான் ஓட்டியதைப் பார்த்துவிட்டு, “என் மெஷின்லயும் ஓட்டிப் பாக்குறேன், பில்டு ஃபைலோட அனுப்புங்க” என்றார். அவர் ஓட்டும்போது திரையில் அவருடைய ஃபோல்டர் பாதை தெரிந்தது. அவர் பெயர், ஓர் இடைவெளி, அப்பா பெயர். மறுபடியும் அதே இடைவெளி!

ஓடியது.

“வர்றவங்க எல்லாருக்கும் இங்கதான் நின்னுடும். உங்களுது எப்படிங்க ஓடுச்சு?” என்றார். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். திங்கட்கிழமையே சேரச் சொன்னார்.

டீ நேரத்தில் மைன்ஸ் கேன்டீனிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். கிடைத்துவிட்டது என்றேன். பல வருடம் கான்ட்ராக்டில் கிடந்து வேலை நிலைத்தவர் அவர். உடனே, “பெர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?” என்று கேட்டார்.

காலையிலிருந்து ஓர் இடைவெளியைத் துருவித் துருவி ஆராய்ந்த எனக்கு, அதை அந்த அம்மாளிடம் கேட்கத் தோன்றவே இல்லை.