டக்கென்று திறக்கும் கடை

சுற்றுலா வண்டிகள் மலையேறுவதற்கு முன்பே சாதிக் பாஷா அரசாங்கத்தைத் திறந்துவிடுகிறார். ரேஷன் அட்டை, பட்டா, வேலைவாய்ப்பு என்று ஒவ்வொரு பக்கமாகத் திறந்து தன் கடைக் கம்ப்யூட்டரில் வரிசையாக நிறுத்தி வைப்பார். பத்து மணிக்கு மேல் ஏரிக்கரை முழுக்கச் செல்பி அனுப்பத் தொடங்கிவிட்டால் நெட் படுத்துவிடும் என்பது அவர் கணக்கு. "அவிங்க எந்திரிக்கறதுக்குள்ள நாம எடுத்து வெச்சுக்கோணுமுங்க," என்பார், உழவர் சந்தைக்குப் போய்வந்தவர் மாதிரி.

ஆகவே ஏற்காட்டிலேயே டக்கென்று பக்கம் திறக்கும் கடை அவருடையதுதான். வாசலில் 'அதிவேக இன்டர்நெட்' என்று போர்டு வேறு. கம்ப்யூட்டர் என்றைக்கோ பார்த்த பக்கத்தைத் தன்னிடமே சேமித்து வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அதையே எடுத்து நீட்டும். வேகத்துக்குக் காரணம் அவ்வளவுதான். சேமித்ததை அழித்துவிட்டுப் புதிதாக வரவழையுங்கள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அழிச்சுப்புட்டா நாளைக்கு ஆருங்க தருவாங்க?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பக்கம் பழசாகத் தெரிகிறது என்று யாராவது முனகினால் அதற்கும் வைத்தியம் உண்டு. முதலில் திரையை ஈரத்துணியால் துடைப்பார். பிறகு மோடத்தைத் தூக்கி, சேர்வராயன் கோயில் பக்கம் பார்க்க வைப்பார். போன வருட மழை எச்சரிக்கையைக் காட்டி இந்த வருடம் ஒரு தோட்டக்காரரை மிளகு காயப்போட விடாமல் செய்தவர் இவர். அன்று நல்ல வெயில். தப்பு வானத்தின் மேல் என்றார்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், ஆன்மேரி மட்டும் இல்லாவிட்டால். நாகலூரில் ஒரு எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டருக்கு உதவியாக இருந்தவர். எஸ்டேட் கைமாறியதும் வேலை போயிற்று. சேலத்தில் ஒரு மாணவியர் விடுதியின் காப்பாளர் வேலைக்கு இந்தக் கடையிலிருந்துதான் விண்ணப்பித்திருந்தார். கையில் இருப்பது பட்டன் போன். அதனால் வாரம் தவறாமல் சர்டிபிகேட் பையோடு பஸ் ஏறி வந்து, நேர்காணல் தேதி வந்துவிட்டதா என்று கேட்பார். சாதிக் பாஷா டக்கென்று திறப்பார். 'தேதி பின்னர் அறிவிக்கப்படும்.' அந்த வேகத்தின் மேல் ஆன்மேரிக்கு அசாத்திய நம்பிக்கை.

போன வியாழக்கிழமை நானும் அங்கே இருந்தேன். பக்கத்தின் அடியில், கடைசியாகப் புதுப்பித்தது மார்ச் மாதம் என்று போட்டிருந்தது. நாங்கள் மே மாதத்தில் இருந்தோம். பொறுமை போய், அனுமதி கேட்காமல் குனிந்து, பக்கத்தைப் புதிதாக வரவழைக்கக் கன்ட்ரோலையும் ஷிப்டையும் அழுத்திக்கொண்டு ஆர் எழுத்தைத் தட்டினேன். பக்கம் வெளுத்தது. அந்தக் கடையில் முதல்முறையாக எல்லோரும் காத்திருந்தோம். பிறகு வந்தது: நேர்காணல் இன்று, பிற்பகல் இரண்டரை மணி. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை தாண்டியிருந்தது.

ஆன்மேரி சத்தம் போடவில்லை. "போன வாரமே இது வந்திருக்குமுங்களா பாய்?" என்று மட்டும் கேட்டார்.

சாதிக் பாஷா சட்டென்று ரோட்டுக்கு ஓடி, குப்பனூர் வழியாக இறங்கும் ஒரு காய்கறி வேனை மறித்தார். "அக்காவச் சேலத்துல எறக்கி உட்ருங்க சாமி, நொம்ப அவசரம்," என்று டிரைவரிடம் கெஞ்சினார். வேன் வளைவில் திரும்பி மறையும் வரை அங்கேயே நின்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். திரையில் மற்ற பக்கங்கள் பழைய தேதியோடு அப்படியே இருந்தன: கரடியூர் வேடியப்பனின் பட்டா, வனிதாவின் கல்லூரி விண்ணப்பம், இன்னும் யார் யாருடையதோ. நான் அழுத்திய இரண்டு பொத்தான்களையும் தேடிப் பிடித்து அழுத்தினார். மூன்றாவது விரல் ஆர் எழுத்தின் மேல் நின்றது, இறங்கவில்லை. கையை எடுத்துக்கொண்டார். எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.